பரணில் கிடந்த பிரில்கிரீம் பாட்டிலுக்கு என்ன வயது?

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பழைய வீட்டைக் காலி செய்தால் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியாவது இருக்கும், அதற்குள் சிலோனுக்கோ மலேயாவுக்கோ போய்வந்த யாரோ ஒருவரின் பிரில்கிரீம் மாதிரித் தலைக்கிரீம் பாட்டிலோ தைல டப்பாவோ உருளும். கிடைத்த வேகத்தில் தேய்த்துக் கழுவாதீர்கள். நான் தாத்தாவின் டப்பாவைப் புளி போட்டுத் துலக்கி, துருவோடு சேர்த்து அதில் அச்சடித்திருந்த கூந்தல்காரி படத்தையும் வழித்தெடுத்தவன். இப்போது அதில் ஊசி நூல் இருக்கிறது.

வயதைச் சொல்வதே அந்த அச்சுதான். முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில், ஏனென்றால் 1964 ஜூனில் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து சரக்கில் ஷில்லிங் விலை இருந்தால் 1971 பிப்ரவரிக்கு முன். விலையே இல்லையா, முகவரிக்குப் போங்கள்: நம் ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது, சிலோன் இலங்கையானது அதே வருடம் மே மாதம். பழைய லேபிள் தீரும்வரை ஒட்டுகிறவர்கள் எங்கும் உண்டு, அதனால் ஒன்றிரண்டு வருடம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரில்கிரீம் என்றால் 1928க்கு முன்னால் போகவே முடியாது, பர்மிங்காமில் அது பிறந்ததே அந்த வருடம்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டில் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தது ரோலண்டின் மக்காசர் என்ற தலை எண்ணெய். நாற்காலி முதுகில் அது ஏற்றிய கறைக்குப் பயந்து விரித்த துணிக்கே 'ஆன்டிமக்காசர்' என்று பேர் வந்துவிட்டது. நம் வீட்டுத் தலையணை உறையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்களுக்குப் பட்டப்பெயரே 'பிரில்கிரீம் பாய்ஸ்'. போருக்கு அப்புறம் கிரிக்கெட் வீரர் டெனிஸ் காம்ப்டனின் படிந்த தலை விளம்பரத்துக்கு வந்தது. பெட்டியின் அடியில் விரித்த பழைய பத்திரிகையில் அவர் சிரித்தால் உங்களுக்கு இன்னொரு தடயம். அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள், தேதியோடு கிடைக்கிற ஒரே சாட்சி அதுவாக இருக்கலாம்.

சரி, சுத்தம் செய்வது. பிரில்கிரீம் என்பது மினரல் ஆயிலும் தண்ணீரும் தேன்மெழுகோடு குழைந்த கலவை, இத்தனை வருடத்தில் பிரிந்து போயிருக்கும். வாசனை ஆளை இழுக்கும், இருந்தாலும் தலையில் வைக்க வேண்டாம், கரண்டியால் வழித்துக் கொட்டிவிடுங்கள். உள்ளே மட்டும் வெந்நீரில் சோப்பு. நம் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கண்ணாடியில் வெள்ளை பூத்துவிடும், அதனால் கேன் தண்ணீர் எடுங்கள். வெளியே லேபிள் மேல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். தகர டப்பாவின் துருவுக்குத் தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, முதலில் அடிப்பக்க ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள்; சாயம் பஞ்சில் ஏறினால் அதோடு நிறுத்துங்கள்.

கடல் பார்த்த ஜன்னலில் மட்டும் அடுக்கி வைக்காதீர்கள். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு, இறுக மூடுகிற டப்பாவில் வையுங்கள், ஐப்பசி மழை தொடங்கும் முன் பொட்டலத்தை மாற்றுங்கள்.