பிரெஞ்சு வினையில் அக்சான் கிராவ் எப்போது?

வாங்குவதைக் குறிக்கும் 'அஷ்தே', தூக்குவதைக் குறிக்கும் 'லவே' போன்ற வினைகளில், அடிச்சொல்லின் 'ஈ' எழுத்துக்கு அடுத்த அசையைப் பாருங்கள். அங்கே ஒலிக்காத 'ஈ' வந்தால் மட்டும் அடிச்சொல்லின் 'ஈ' மேல் அக்சான் கிராவ், அதாவது இடமிருந்து வலமாகக் கீழே சரியும் குறி, போடுங்கள். 'ஜ லெவ்' (நான் தூக்குகிறேன்), 'இல் ஸஷெத்' (அவர்கள் வாங்குகிறார்கள்) இரண்டுக்கும் குறி உண்டு. 'நூ லவோன்' (நாங்கள் தூக்குகிறோம்), 'வூ ஸஷ்தே' (நீங்கள் வாங்குகிறீர்கள்) இரண்டுக்கும் கிடையாது.

விகுதி ஒலிக்காதபோது அதற்கு முன்னுள்ள மெய் முந்தைய அசையோடு ஒட்டி அதை மூடிவிடுகிறது. மூடிய அசையில், 'லவே'யின் முதல் அசையில் வரும் மங்கலான உயிரொலி நிற்காது, திறந்த 'எ' ஆகிவிடும். எதிர்காலத்திலும் இதே கதைதான்: 'ஜ லெவ்ரே' (நான் தூக்குவேன்). பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அழைப்பதைக் குறிக்கும் 'அப்லே', எறிவதைக் குறிக்கும் 'ஜதே' இரண்டும் இந்த விதிக்கு அடங்காதவை: குறிக்குப் பதில் மெய்யெழுத்து இரட்டிக்கும். தங்குவதைக் குறிக்கும் 'ரெஸ்தே', தேடுவதைக் குறிக்கும் 'ஷெர்ஷே' வினைகளில் எஸ், ஆர் எழுத்துகளே அசையை மூடிவிடுவதால் குறி எப்போதும் வராது.