கேரட் விதைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்தால் போதும், மாடித்தோட்டக்காரர்கள் கேரட் விதை தேட ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் பிடுங்கிவிடலாம் என்று ஏர்லி நான்டீஸ் போன்ற குறுகிய கால ரகங்களை வாங்குவார்கள். வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் வருடா வருடம் சறுக்குகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

நாற்று விட்டு நடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் என்று நாற்று விட்டு நட்டே பழகிய கை, கேரட்டுக்கும் குழித்தட்டை எடுக்கிறது. போதாக்குறைக்கு, சில நாற்றுப்பண்ணைகளே கேரட் நாற்று என்று விற்கின்றன. கேட்பவரிடம் "இதை நடக்கூடாது" என்று சொல்ல வேண்டியவர்களே விற்றால் என்ன செய்வது?

கேரட்டில் நாம் சாப்பிடுவதே ஆணிவேரைத்தான். முதல் நிஜ இலை விடும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். மேலே இரண்டு விதையிலையும் நடுவில் இறகு போல ஒரு சின்ன இலையும் இருக்கும். கீழே தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளை வேர், செடியின் உயரத்தைவிட நீளமாக இறங்கியிருக்கும். பின்னால் பருத்துக் காயாகப் போவது அந்த நூல்தான். குழித்தட்டின் குழியோ இரண்டு அங்குல ஆழம்கூட இருக்காது. வேர் நுனி அடியில் முட்டி மடங்கும். பிடுங்கி நடும்போது முறியும். நுனி போனால் பக்க வேர்கள் பருக்கும், காய் இரண்டு மூன்று காலாகப் பிரியும்.

இதில் கொடுமை, செடி எதையும் காட்டிக்கொடுக்காது என்பதுதான். தழை செழிப்பாக வளரும். கோவையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அந்தத் தழையைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அறுவடையன்று போன் வந்தது: "அண்ணா, எல்லாமே முறுக்கிக்கிட்டு கெடக்கு. மண்ணு சரியில்லபோல." நாற்று எங்கே வாங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். கல்லும் கட்டியும் இருந்தாலும் கேரட் பிளக்கும் என்பது உண்மை. ஆனால் அவர் மண்கலவை, தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சேர்த்துப் பொலபொலவென்று இருந்தது. மண்ணின்மேல் பழியைப் போட்டால் அடுத்த வருடம் கலவையை மாற்றிவிட்டு மறுபடி நாற்றையே நடுவார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் போய்விடும். சமவெளியில் கேரட்டுக்கு வேறு பருவம் கிடையாது. வருடம் முழுக்கப் போட நாம் ஊட்டியிலா இருக்கிறோம்?

எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதையுங்கள். பை ஒரு அடி ஆழமாவது இருக்கட்டும்.

ஆழமாகப் புதைப்பது

ஒரு கிராமில் 500-க்கு மேல் விதை இருக்கும், அவ்வளவு பொடிசு. அரை அங்குலத்துக்கு மேல் மண் போட்டால் முளை மேலே வரத் திணறும். காய்ந்த மணலில் கலந்து, கோடு கிழித்துத் தூவி, லேசாக மூடினால் போதும்.

முளைக்கும் முன் காயவிடுவது

முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நாலாம் நாளே பொறுமை இழந்து கிளறிப் பார்க்கக்கூடாது. மேல்மண் ஒருநாள் காய்ந்து இறுகினாலும் முளை உள்ளேயே கருகும். நனைத்த சாக்கை மேலே விரித்து, அதன்மேல் பூவாளியால் தெளியுங்கள். முதல் பச்சை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், அப்புறம் எடுத்தால் முளை சாக்கோடு வந்துவிடும்.

பச்சைச் சாணம்

கூடவே கூடாது. நன்றாக மக்கிய எரு மட்டும்.

கலைக்க மனசு வராதது

செடி விரல் உயரம் வந்ததும், செடிக்குச் செடி இரண்டு மூன்று அங்குலம் விட்டு மற்றதை எடுத்தே ஆக வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும். கத்தரிக்கோலால் தரையோடு நறுக்கிவிடுங்கள். எடுத்ததைப் பிடுங்கி வேறு பையில் நடலாமே என்று கேட்காதீர்கள், அது மறுபடி நாற்று நடுகிற கதைதான்.

பழைய விதை

வாங்காதீர்கள்.

தோள் வெளியே தெரிவது

காயின் மேற்பகுதி மண்ணுக்கு வெளியே வெயில் பட்டால் பச்சையாகிக் கசக்கும். தெரிந்தவுடன் மண் அணைத்துவிடுங்கள்.