மனநோய் உள்ளவர் மீது வழக்கு: காவல் நிலையம் முதல் சிறை வரை நடக்கும் தவறுகள்

1951இல் அசாமில் மச்சாங் லாலுங் என்பவர் கைதானார். வயது 23. ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தினார் என்பது வழக்கு. மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் ஆள் நலமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு விசாரணையைத் தொடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டு, 2005இல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் அவர் வெளியே வந்தபோது வயது 77. விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

எங்கோ ஒருமுறை நடந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஹசாரிபாக் சிறையில் குணமான பிறகும் இருபது, முப்பது ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர்களை உச்ச நீதிமன்றம் 1982இல் வீணா சேத்தி வழக்கில் விடுவித்தது. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று 1993இல் ஷீலா பார்சே வழக்கில் சொன்னது. அப்புறம் 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2024 ஜூலை முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. இவற்றில் வழி பெரும்பாலும் இருக்கிறது. "இந்த ஆளின் வழக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விடுவதில்தான் மனிதர்கள் தொலைந்துபோகிறார்கள்.

இரண்டு கேள்விகளைக் குழப்புவது

இளம் வக்கீல்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சம்பவம் நடந்த நேரத்தில் அவர் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. இப்போது கூண்டில் நின்று தன் வழக்கைப் புரிந்துகொண்டு, வக்கீலிடம் பேசி, தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி. முதலாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 84). இரண்டாவது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368ஆம் பிரிவுகள். அன்று நல்ல நிலையில் இருந்தவர் இன்று நோயின் பிடியில் இருக்கலாம். அன்று எதுவும் புரியாமல் செய்தவர், மருந்து சாப்பிட்டு இன்று தெளிவாக இருக்கலாம். இன்றைக்குத் தெளிவாகப் பேசுகிறார் என்பதால் அன்றும் நன்றாகத்தான் இருந்திருப்பார் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

மனநோயால் தான் செய்வது இன்னதென்று புரியாமல் செய்தது குற்றமாகாது என்பதுதான் 22ஆம் பிரிவு. அந்த நிலையில் இருந்ததை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. ஆனால் அரசுத் தரப்பைப் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 1964இல் தஹ்யாபாய் தக்கர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சம்பவத்துக்கு முன்பும் பின்பும் அவர் நடந்துகொண்ட விதத்தையும் பார்க்க வேண்டும் என்றது. அதனால்தான் வீட்டில் கிடக்கும் பழைய மருந்துச் சீட்டுக்கு அவ்வளவு மதிப்பு. ஊருக்குத் தெரிந்தால் தங்கச்சி கல்யாணம் தடைபடும் என்று குடும்பங்கள் அதை மறைத்துவிடுகின்றன. புரிந்துகொள்ளக்கூடிய பயம்தான். என்றாலும், வழக்கு வந்த நாளிலேயே அந்தச் சீட்டுகளை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். முன்பே மனநோய் இருந்தது தெரிய வந்தால், மருத்துவப் பரிசோதனை செய்து அதை நீதிமன்றத்தின் முன் வைப்பது விசாரணை அதிகாரியின் கடமை என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சிடுவான்" என்ற பேச்சையும் விட்டுவிடலாம். இந்தக் காரணத்தால் விடுதலையானாலும், பாதுகாப்பான காவலில் வைக்கவோ, பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கவோதான் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 374ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியே வீட்டுக்குப் போய்விட முடியாது.

தேதி இல்லாமல் ஒத்திவைப்பது

தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாதவர் என்று தெரிந்தால் விசாரணையை ஒத்திவைக்க வேண்டும். நியாயமான விதி. ஆனால் எனக்குத் தெரிந்து இந்த இடத்தில் நடக்கும் தவறைப் போல மனித வாழ்க்கையைத் தின்றது வேறில்லை. ஒத்திவைத்ததும் வழக்குக் கட்டு அலமாரிக்குப் போகிறது, ஆள் சிறை பிளாக்குக்குப் போகிறார். வாய்தா இல்லாததால் வக்கீலும் வருவதில்லை.

ஒத்திவைக்கும் முன் நீதிமன்றம் முதலில் பார்க்க வேண்டியது, வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் ஒத்திவைக்கக்கூடாது, ஆளை விடுவித்துவிட வேண்டும் என்று அதே 367, 368ஆம் பிரிவுகள் சொல்கின்றன. பல வக்கீல்கள் இந்த வாதத்தை எடுப்பதே இல்லை. அடுத்து ஜாமீன். உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை, வெளிநோயாளியாகச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன், யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினரோ நண்பரோ பொறுப்பேற்றால், ஜாமீனில் விடமுடியாத குற்றமாக இருந்தாலும் 369ஆம் பிரிவில் ஜாமீன் உண்டு. குணமாகும்வரை உள்ளேயே இருக்கட்டும் என்பது சட்டம் சொல்லாத ஒன்று.

மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரைப் பற்றிய அறிக்கைகள் குறித்த காலத்தில் வராவிட்டால், நீதிமன்றமே கேட்டு வாங்கி, அவற்றைப் பரிசீலித்து உத்தரவிட வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே ஒத்திவைக்கும் உத்தரவிலேயே அடுத்த அறிக்கைக்கான தேதியைக் கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞர் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பெரிய உதவி அதுதான்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் இதே வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். அது நோயல்ல, மருந்து கொடுத்து எத்தனை வருடம் காத்திருந்தாலும் மாறாது. சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது.

சிறை வாசலில் நின்றுபோகும் மருந்து

ரிமாண்ட் ஆன இரவில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" மனச்சிதைவு நோய்க்கான க்ளோசபின் மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டு நாளுக்கு மேல் மருந்து விட்டுப்போனால், பழைய அளவை அப்படியே மறுபடி கொடுக்கக்கூடாது, குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் எடுப்பவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் புழுக்கமான அறையில் போதிய தண்ணீர் இல்லாமல் உடல் வறண்டால் அதே லித்தியம் விஷமாகிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வயிற்றுப்போக்கு தெரிந்தால் நடிக்கிறார் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, மது. தினமும் குடித்தவர் உள்ளே வந்த இரண்டு, மூன்று நாட்களில் நடுங்கலாம், இல்லாததைப் பார்த்துப் பேசலாம், வலிப்பு வரலாம். இது உயிர் போகக்கூடிய நிலை. தகராறு செய்கிறார் என்று தனி அறையில் பூட்டினால் காலையில் பிணமாகத்தான் எடுக்க நேரிடும். இதை ஒவ்வொரு வார்டருக்கும் சொல்லித்தர வேண்டும்.

குரல் கேட்டு அதற்குப் பதில் பேசுபவரை, வரிசையில் நிற்க மறுப்பவரை ஒழுங்கீனம் என்று எழுதித் தண்டிப்பதும் இதே வகைத் தவறுதான். தனிமை நோயை முற்றவைக்கும். 2017 சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சை நிலையம் இருக்க வேண்டும். சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை என்று மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தச் சட்டப்படி மனநோயாளிகளின் உரிமைகளைக் கவனிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். ஆளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் இந்தச் சான்று வெறும் தாள். வாரியத்துக்குச் சிறைக்கு நேரில் வந்து பார்க்கும் அதிகாரமும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி மனு கொடுக்கலாம்.

தெருவில் திரிபவரை லாக்கப்பில் வைப்பது

தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரியும் மனநோயாளியைக் காவல் நிலையம் தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது என்று 2017 சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்கிறது. வீடு வாசல் இல்லாதவராக இருந்தால் காணாமல் போனவராகப் பதிவு செய்து குடும்பத்தைத் தேடுவதும் காவல்துறையின் வேலை. சந்தேக வழக்கு ஒன்றைப் போட்டு உள்ளே தள்ளுவது குறுக்கு வழி.

வெளியே விடும் நாள்

இதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஜாமீன் உத்தரவு மாலையில் வருகிறது. இருட்டிய பிறகு கையில் மருந்தில்லாமல் ஒருவரை வாசலில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மருத்துவரைப் பார்க்கும்வரை போதுமான மாத்திரை, என்ன மருந்து எவ்வளவு என்று எழுதிய சீட்டு, எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை போக வேண்டும் என்ற குறிப்பு, அழைத்துப்போக வந்திருக்கும் ஒரு மனிதர் ஆகிய நான்கும் வேண்டும். வீட்டில் யாரும் வரவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லலாம்; இலவச சட்ட உதவிக்கான எண் 15100. வெளியே வந்த பின் மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.