அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை பெற்ற வரலாற்றைப் படிப்பது எப்படி?

வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டிஷ் பேரரசிலிருந்து பிரிந்த வரலாற்றைப் பெரும்பாலோர் விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட 1776 ஜூலை 4 அன்று தொடங்குகிறார்கள். அந்த நாளிலிருந்து தொடங்கினால் பாதி வரலாறு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போர் முடிந்த 1763ஆம் ஆண்டில் தொடங்கி, பிரிட்டன் அமெரிக்க விடுதலையை ஏற்ற பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தான 1783ஆம் ஆண்டில் முடியுங்கள். இந்த இருபது ஆண்டுகளுக்கும் ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். எந்த பிரிட்டிஷ் அதிகாரத்துக்கு மக்கள் கீழ்ப்படிவதை நிறுத்தினார்கள் என்பதை இடப்பக்கம் எழுதுங்கள். அந்த இடத்தில் எந்த அமைப்பு வந்து உட்கார்ந்தது என்பதை வலப்பக்கம் எழுதுங்கள். பிரகடனத்துக்கு வெகு முன்பே ஆட்சி கைமாறத் தொடங்கிவிட்டது என்பது அந்தத் தாளிலேயே புலப்படும்.

முதலில் பணத்தைப் பின்தொடருங்கள். ஏழாண்டுப் போர் பிரிட்டனின் கடனை ஏறத்தாழ இருமடங்காக்கியது. அமெரிக்காவில் நிறுத்தி வைத்த படைகளின் செலவில் ஒரு பகுதியைக் குடியேற்றங்களே ஏற்க வேண்டும் என்று லண்டன் கருதியதால் 1764இல் சர்க்கரைச் சட்டமும் 1765இல் பத்திரங்களையும் செய்தித்தாள்களையும் வரி செலுத்திய முத்திரைத் தாளில் அச்சிடச் சொன்ன முத்திரைச் சட்டமும் வந்தன. வரியின் அளவைவிட, தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத நாடாளுமன்றம் அதை விதித்ததே எதிர்ப்புக்குக் காரணம். பாஸ்டன் உள்ளிட்ட நகரங்களில் முத்திரைத் தாள் விற்க நியமிக்கப்பட்டவர்கள் கூட்டத்துக்கு அஞ்சிப் பதவி விலகினர். 1765 நவம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதைச் செயல்படுத்த ஏறக்குறைய ஆளே இல்லை. இதுவே உங்கள் இடப்பத்தியின் முதல் வரி. 1766இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது என்பதோடு நிறுத்திவிடாமல், குடியேற்றங்களுக்காக எல்லா விஷயங்களிலும் சட்டம் இயற்றத் தனக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் அதே வேளையில் நிறைவேற்றிய சட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்தாண்டுச் சண்டையின் வித்து அதில்தான் இருக்கிறது.

தேயிலை விவகாரத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் தேயிலை விலையை உயர்த்தவில்லை, குறைக்கவே செய்தது. நிதி நெருக்கடியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்கை நேரடியாக அமெரிக்காவில் விற்க அது வழிசெய்தது. ஏற்கெனவே இருந்த தேயிலை வரி மட்டும் அப்படியே நீடித்தது. மலிவான தேயிலையை வாங்கினால் அந்த வரிக்கும் இசைந்ததாகிவிடும் என்பதாலும், உள்ளூர் வணிகர்களின் பிழைப்பு போய்விடும் என்பதாலும், டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன.

இனி வலப்பத்தி வேகமாக நிரம்பும். தண்டனையாக லண்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, மாசசூசெட்ஸின் ஆட்சி உரிமைகளைக் குறைத்தது. அதற்கு மறுமொழியாக 1774 செப்டம்பரில், ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கண்டப் பேரவையாகக் கூடினர். பிரிட்டிஷ் பொருள்களைப் புறக்கணிக்க அவர்கள் செய்த ஒப்பந்தத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊரிலும் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்ற விதியும், மீறுவோரின் பெயரைச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும் என்ற விதியும் இருந்தன. என் கணிப்பில் இந்த முழு வரலாற்றிலும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது இக்குழுக்களே. கடைக்காரரின் கணக்கேட்டைப் பார்க்கவும் அக்கம்பக்கத்தாரை விசாரிக்கவும் செய்த அவை, ஆங்காங்கே மிரட்டலையும் கையாண்டன. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கி வெடித்தபோது மாசசூசெட்ஸ் கிராமப்புறம் ஏற்கெனவே ஆளுநரின் கையை விட்டுப் போயிருந்தது. அவ்வாண்டு ஜூனில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் தலைநகரை விட்டு ஒரு போர்க்கப்பலில் தஞ்சம் புகுந்தார்.

இப்போது பிரகடனத்தைக் கையில் எடுங்கள். புகழ்பெற்ற முன்னுரையை ஒதுக்கி வைத்துவிட்டு நடுவில் உள்ள குற்றச்சாட்டுப் பட்டியலை முதலில் படியுங்கள். அவை மன்னர் மூன்றாம் ஜார்ஜை நோக்கியே நீள்கின்றன. நாடாளுமன்றத்தின் பெயர் அந்த ஆவணத்தில் ஓரிடத்திலும் இல்லை. நாடாளுமன்றத்துக்குத் தங்கள் மேல் என்றுமே உரிமை இருந்ததில்லை என்பது அவர்கள் வாதமாகிவிட்டதால், மன்னரோடு இருந்த கட்டு ஒன்றே அறுக்க எஞ்சியிருந்தது. விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2 அன்று. ஜூலை 4 அன்று ஏற்கப்பட்டது அதை விளக்கும் உரை.

போரைப் படிக்கும்போது களங்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடலையும் தூதரகங்களையும் கவனியுங்கள். 1776இல் நியூயார்க்கை இழந்த அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன், வென்ற சண்டைகளைக் காட்டிலும் படை சிதறாமல் காத்ததாலேயே நிலைத்தார். 1777இல் சாரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுவதுமாகச் சரணடைந்ததும், 1778 பிப்ரவரியில் பிரான்சு அமெரிக்கர்களோடு கூட்டணி உடன்படிக்கை செய்துகொண்டது. 1781 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படை செசபீக் விரிகுடாவின் வாயிலை அடைத்திராவிட்டால், யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் அக்டோபர் 19 அன்று சரணடைந்திருக்க மாட்டார். பிரான்சு வந்ததால் போர் கரீபியனுக்கும் இந்தியக் கடலுக்கும் பரவியது: 1783 ஜூனில், சமாதானச் செய்தி வந்து சேர்வதற்கு முன், பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் கடலூரில் மோதிக்கொண்டிருந்தனர்.

கடைசியாக, 1783 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தான உடன்படிக்கையை வரைபடத்தோடு சேர்த்துப் படியுங்கள். அதன் முதல் பிரிவு பதின்மூன்று மாநிலங்களையும் பெயர் சொல்லி, இறையாண்மையுள்ளவை என ஏற்கிறது. இடப்பத்தியின் இறுதி வரி அதுதான். எல்லையை மிசிசிப்பி ஆறு வரை கொண்டுபோன அந்த ஆவணத்தில், அந்நிலங்களில் வாழ்ந்த பழங்குடியினருக்கு இடமே இல்லை. ஆகவே தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்து, இரு தரப்பின் கணக்கிலும் வராதவர்களை அதில் எழுதுங்கள்: நிலம் கைமாற்றப்பட்ட பழங்குடியினர், மன்னர் பக்கம் நின்றதால் ஊரை விட்டுக் கிளம்பிய பல்லாயிரம் குடும்பத்தினர், தன் பக்கம் சேரும் கிளர்ச்சியாளர்களின் அடிமைகளுக்கு 1775இல் டன்மோர் அறிவித்த விடுதலையை நம்பி பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, போருக்குப் பின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறிய கறுப்பின மக்கள், அங்கும் போக வழியின்றிப் புதிய குடியரசில் அடிமைகளாகவே தங்கிவிட்டவர்கள்.