ஸ்மார்ட்வாட்ச்ச ஆர்ஓஎஸ் 2 வழியா கம்ப்யூட்டரோட கனெக்ட் பண்றது எப்படி?

ஆர்ஓஎஸ் 2ன்னா ரோபோவுக்கு புரோகிராம் எழுத உதவுற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். வாட்ச் கட்டின கைய சாய்ச்சா ரோபோ அந்தப் பக்கம் திரும்பணும், இதுதான் நமக்கு வேணும். இதுக்கு வாட்ச் சரியா அமையறதுதான் பாதி வேலை, ஏன்னா நிறைய வாட்ச் சென்சார் டேட்டாவ அதோட சொந்த ஆப்புக்கு மட்டும்தான் குடுக்கும், வேற யாரு கேட்டாலும் வாயே தொறக்காது. அதனால நான் சொல்றது பைன்டைம்ங்கிற வாட்ச், அதுல ஓடுற இன்ஃபினிடைம்ங்கிற சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ், எந்த டேட்டா எந்த ஐடில வருதுன்னு டாக்குமெண்ட்லயே எழுதி வச்சிருக்காங்க.

கம்ப்யூட்டர்ல உபுண்டு 24.04, அதுல ஆர்ஓஎஸ் 2ஓட ஜாஸிங்கிற வெர்ஷன். ப்ளூடூத்துக்கு ப்ளீக்னு ஒரு பைத்தான் லைப்ரரி. 24.04ல பைத்தான் லைப்ரரி போடுற பிப் நேரா இன்ஸ்டால் பண்ண விடாது, விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது பைத்தானுக்குன்னு ஒரு தனி இடம் போடணும், ஆனா சிஸ்டம் பேக்கேஜும் உள்ள தெரியிற மாதிரி போடுங்க, இல்லன்னா ஆர்ஓஎஸ்ஸோட பைத்தான் லைப்ரரியான ஆர்சிஎல்பை இம்போர்ட் ஆகாது.

அடுத்து ப்ளீக் ஸ்கேனர ஓட விடுங்க, இன்ஃபினிடைம்னு பேர் வரணும். வரலையா, முதல்ல ஃபோன பாருங்க, வாட்ச் ஏற்கனவே ஃபோனோட சேந்திருந்தா கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாது, அத டிஸ்கனெக்ட் பண்ணாலே போதும்.

கனெக்ட் ஆனதும், வாட்ச் அசைவ அனுப்புற, 00030002னு ஐடி ஆரம்பிக்கிற மோஷன் கேரக்டரிஸ்டிக்குக்கு நோட்டிஃபை போடுங்க, அப்போதான் புது டேட்டா வர வர தானா நமக்கு வரும். ஒவ்வொரு தடவையும் 6 பைட் வரும், எக்ஸ் ஒய் இசட் மூணுக்கும் ரெண்டு ரெண்டு பைட், மைனஸ்லயும் போகும், லிட்டில் எண்டியன், அதாவது சின்ன மதிப்புள்ள பைட் முதல்ல வரும். அத பிரிச்சு, மூணு நம்பர் வைக்கிற வெக்டர்3 மெசேஜா ஒரு டாபிக்ல (ஆர்ஓஎஸ்ல மெசேஜ் போற சேனல்) பப்ளிஷ் பண்ணுங்க, அவ்ளோதான் இந்த நோடோட (ஆர்ஓஎஸ்ல ஓடுற ஒரு தனி புரோகிராம்) வேலை. ரோபோவ ஓட்டுற லாஜிக்க இதுலயே திணிக்காதீங்க ப்ளீஸ், நாளைக்கு வாட்ச் மாத்துனா எல்லாத்தையும் திரும்ப எழுதணும்.

ஒரு இடத்துல நிறைய பேர் மாட்டிக்குவாங்க. ப்ளீக் அசின்க்ஐஓங்கிற பைத்தானோட லூப்ல ஓடும், மெசேஜுக்காக நோட ஓட வைக்கிற ஆர்ஓஎஸ் ஸ்பின் தன்னோட லூப்ப விடவே விடாது, ரெண்டும் ஒரே திரெட்ல இருந்தா ஸ்பின் ஆரம்பிச்ச உடனே வாட்ச் டேட்டா நின்னுடும். ஸ்பின்ன தனி திரெட்ல போட்டுடுங்க.

இப்போ டாபிக்ல வர்றத திரையில காட்டுற டாபிக் எக்கோ கமாண்ட போட்டுட்டு வாட்ச்ச மேசைமேல படுக்க வைங்க. இசட்ல மட்டும் பெரிய நம்பர், மத்த ரெண்டும் ஜீரோ பக்கத்துல ஆடிட்டிருக்கும். அப்படியே கைல கட்டி இடது வலது சாய்ச்சுப் பாத்தா எந்த அச்சு மாறுதுன்னு கண்ணாலயே தெரிஞ்சிடும்.

ரெண்டாவது நோடு அந்த டாபிக்க சப்ஸ்கிரைப் பண்ணி ரோபோவுக்கு வேகம் சொல்ற ட்விஸ்ட் மெசேஜா மாத்தணும், பக்கவாட்டு சாய்வு ஆங்குலர் இசட் (திரும்புற வேகம்), முன்பின் சாய்வு லீனியர் எக்ஸ் (முன்னபின்ன போற வேகம்). நடுவுல கொஞ்சம் டெட் ஜோன், அதாவது சின்ன சாய்வ கண்டுக்காத இடம் விடுங்க, கை சும்மாவே நடுங்கும். முதல்ல ஆர்ஓஎஸ்ஸோட டர்டில்சிம்ங்கிற பழகுற புரோகிராம்ல, திரையில இருக்கிற ஆமைய ஓட்டிப் பாருங்க.

நிஜ ரோபோன்னா ஒண்ணு கட்டாயம். ப்ளூடூத் எப்ப வேணா கட் ஆகும், கடைசியா வந்த ஸ்பீடுலயே ரோபோ போய்ட்டே இருந்தா யாரு கால்லயாவது ஏறும். அதனால ரெண்டாவது நோடுல ஒரு டைமர் வச்சு, அரை செகண்டா டேட்டா வரலன்னா ஜீரோ ட்விஸ்ட் அனுப்புங்க. சக்கரம் தரையில படாத மாதிரி ரோபோவ தூக்கி வச்சு, ஓடும்போதே வாட்ச்ல ப்ளூடூத்த ஆஃப் பண்ணிப் பாருங்க, சக்கரம் நின்னா மட்டும் கீழ எறக்குங்க.