மீன்தொட்டியின்ட பிளாஸ்ரிக் மூடி ஏன் வளையுது, எப்பிடி நிமித்துறது

திருகோணமலையில மீன்தொட்டி வச்சிருக்கிற ஆக்களிட்ட கேட்டா முக்கால்வாசிப் பேர் "லைற் சூட்டுக்கு இளகிட்டு" எண்டுதான் சொல்லுவினம். ஆனா கூடுதலான மூடி அக்கிரிலிக் எண்ட பிளாஸ்ரிக், அது இளகவே 100 பாகைக்குக் கிட்ட சூடு வேணும், இப்ப வாற எல்ஈடி லைற் அந்தப் பக்கமே போகாது. வளைக்கிறது தண்ணிதான்.

அக்கிரிலிக் தண்ணி குடிக்கும். வடிவா ஊறினா தன்ட எடையில நூற்றுக்கு 2 அளவுக்குக் குடிச்சு கொஞ்சம் நீளும். மூடியின்ட கீழ்ப்பக்கம் எந்நேரமும் ஈரம், மேல்பக்கம் காய்ஞ்சு கிடக்கும், அப்ப கீழ மட்டும் நீளுது மேல நீளேல்ல, நடு தொங்கி மூலையள் மேல கிளம்புது, அதுக்குமேல லைற்றையும் தூக்கி வச்சா அந்தப் பாரம் மாசக்கணக்கா அமத்தி வளைவு அப்பிடியே நிண்டுடும். எங்கட ஊரில கச்சான் அடிக்கிற மாசங்களில இன்னும் மோசம், வறண்ட காத்து மேல்பக்கத்தைக் காயவச்சுக்கொண்டே இருக்கும். மாரிக்க ரெண்டு பக்கமும் ஈரமாகிறதால கொஞ்சம் நிமிர்ந்த மாதிரித் தெரியும், சரியாகிட்டு எண்டு விட்டுடாதேங்கோ.

1. முதல்ல மூடியைக் கழட்டித் துடைச்சு, நீளவாக்கில ஒரு அடிமட்டத்தை நிமித்தி வச்சுப் பாருங்கோ. நடுவில வெளிச்சம் தெரிஞ்சு மூலையள் தூக்கி நிண்டா அது ஈரத்தால வந்த வளைவு. லைற் இருந்த இடம் மட்டும் குழி விழுந்திருந்தா அது சூடு, பழைய குண்டு பல்ப் போட்ட தொட்டியளில இப்பிடி நடக்கும்.

2. வளைவு கொஞ்சம்தான் எண்டா மூடியைத் தலைகீழாப் போடுங்கோ, அவ்வளவுதான். இப்ப காய்ஞ்ச பக்கம் ஈரம் குடிச்சு நீள, தானா நிமிரும். பிறகு தண்ணி மாத்திற ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டா பழையபடி வளையாது. பிணைச்சல் வச்ச மூடிக்கு இது சரிவராது.

3. கனக்க வளைஞ்சதெண்டா வீட்டுக்குள்ள சமமான தரையில, மேடான பக்கம் மேல பாக்க வச்சு, மேல பாரம் ஏத்தி ஒண்டு ரெண்டு கிழமை விடுங்கோ. ஊறின ஈரம் கெதியா வெளிய வராது, அவசரப்பட்டு வேலையில்லை. வெயிலில போடவேண்டாம், சூட்டுக் காத்து அடிக்கிற ஹீற் கன் பிடிக்கவே வேண்டாம், ஈரம் உள்ளுக்க இருக்கேக்க கனக்கச் சூடாக்கினா சீற்றுக்குள்ள குமிழ் குமிழா வரும். தின்னர் போட்டுத் துடைச்சாலும் மெல்லிய வெடிப்பு விழும்.

4. லைற்றை மூடியில வைக்காம கால் பூட்டித் தொட்டியின்ட விளிம்பில நிப்பாட்டுங்கோ.

5. புதுசா செய்யிறதெண்டா 3 மில்லிமீற்றர் அக்கிரிலிக் வாங்கி மினக்கெடாதேங்கோ. தடிப்பு ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு, அதால 6 மில்லிமீற்றர் கன காலம் தாக்குப்பிடிக்கும், ஆனா விலை ஏறும், ஈரத்தையும் குடிக்கத்தான் செய்யும். என்னைக் கேட்டா பொலிகாபனேற் சீற்தான் நல்லம், வீட்டு முன்பக்கத்துக் கூரைக்கு அடிக்கிற, நடுவில குழாய் குழாயா ஓடுற அந்தச் சீற்தான். அக்கிரிலிக்கோட பாத்தா அது குடிக்கிற தண்ணி சொற்பம், பாரமும் இல்லை, கத்தியாலயே வெட்டலாம். வெட்டேக்க அந்தக் குழாய் தொட்டியின்ட அகலப்பக்கமா, முன்னுக்கிருந்து பின்னுக்கு ஓடுறமாதிரிப் பாத்து வெட்டுங்கோ, மாறி வெட்டினா நடுவில மடியும். குழாயின்ட திறந்த வாயை சிலிக்கனால அடையுங்கோ, இல்லாட்டி உள்ளுக்க தண்ணி போய்ப் பாசி பிடிச்சு பச்சைக் கோடு கோடா நிக்கும், பிறகு அதைக் கழுவ ஏலாது. சிலிக்கன் காய்ஞ்சு அந்தப் புளிப்பு மணம் போனாப் பிறகுதான் தொட்டியில வையுங்கோ.

எந்த மூடி எண்டாலும் சட்டத்துக்குள்ள இறுக்கிப் போடாம சுத்திவர ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் இடம் விடுங்கோ, நீளுறதுக்கு இடமில்லாட்டி அது மேலதான் கிளம்பும். பின்பக்கத்தில வயர் போக வெட்டுற ஓட்டையைச் சின்னனா வெட்டுங்கோ, கப்பி மீன் அதுக்குள்ளாலயும் பாயும், பல்லியும் அதால உள்ள விழும்.

வளைவே வேண்டாம் எண்டா கண்ணாடிதான், அது தண்ணி குடிக்காது. 2 அடித் தொட்டிக்கு 4 மில்லிமீற்றர் கண்ணாடியை ரெண்டு துண்டா எடுத்தா தீன் போடேக்க ஒண்டை மட்டும் தூக்கலாம். வெட்டித் தாற ஆளிட்டயே விளிம்பை உரஞ்சித் தரச் சொல்லுங்கோ, இல்லாட்டி கை வெட்டும்.