முதல் பெய்ட்காஸ்டிங் ராடும் ரீலும்: கிராம் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

தூண்டில் மீன்பிடிப்பில், ஸ்பின்னிங் ரீலில் கொஞ்சம் கை பழகியதும் அடுத்து வருகிற ஆசை பெய்ட்காஸ்டர். ராடின் மேல்பக்கம் உட்காரும் சின்ன ரீல், கட்டைவிரலாலேயே நிறுத்துகிற வீச்சு, தாமரை இலைகளுக்கு நடுவே கையகல இடைவெளியில் லூரை, அதாவது செயற்கை இரையை, கொண்டுபோய் வைக்கிற துல்லியம். வீடியோவில் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆன்லைனில் தேடினால் ‘பாஸ் ராட்’, ‘பாஸ் ரீல்’ என்றுதான் வரும். அந்த பாஸ் நம் ஊர் மீன் இல்லை. லார்ஜ்மவுத் பாஸ் என்கிற வட அமெரிக்க நன்னீர் மீன். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த ராடுக்குக் கிடைக்கப் போவது குளத்து விராலும் பொழிமுகத்துக் கொடுவாவும்தான். மறைவில் கிடந்து பாய்ந்து கடிக்கிற குணம் மூன்றுக்கும் உண்டு. அதனால் பாஸ் ராட் இங்கேயும் நன்றாகவே வேலை செய்யும். எந்த பாஸ் ராட் என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

ரீல் பெட்டியில் 18 பேரிங், 8.1 கியர், 10 கிலோ டிராக் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வீசப் போகிற லூர் எத்தனை கிராம்?

காரணம் இதுதான். ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் அசையாது, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுற்ற வேண்டும். அதைச் சுற்ற வைப்பது லூரின் எடை. சாதாரண பெய்ட்காஸ்டரில் மூன்று நான்கு கிராம் லூருக்கு அந்த வலு கிடையாது. கனமான லூரிலும் இன்னொரு சிக்கல் உண்டு: காற்று எதிர்த்து லூரின் வேகம் குறையும், ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பஸ் சடன் பிரேக் போட்டதும் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் முன்னால் போய் விழுவாரே, அதே கதைதான். லூர் கேட்பதைவிட அதிக நரம்பை ஸ்பூல் தள்ளிவிட, எல்லாம் ரீலுக்குள்ளேயே சிக்கு விழுந்து நிற்கும். பிரேக், ஸ்பூலை இறுக்கித் தளர்த்தும் டென்ஷன் திருகு, கட்டைவிரல் மூன்றும் இந்த ஒரு சிக்கலுக்காகத்தான்.

படி 1: மீனும் லூரும்

தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய குளத்தில் விராலுக்கு வீசுவது ரப்பர் தவளை. உள்ளே காற்று நிறைந்த இந்தத் தவளைகள் பெரும்பாலும் 10 முதல் 15 கிராம் வரை வரும். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்திலோ, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலைத் தொடும் இடத்திலோ கொடுவாவுக்கு வீசுவது பத்துச் சென்டிமீட்டர் வாக்கில் உள்ள மின்னோ (சின்ன மீன் வடிவ லூர்) அல்லது ஈயத்தலை வைத்த ரப்பர் மீன். அதுவும் 10 முதல் 20 கிராமுக்குள் அடங்கிவிடும்.

ஆக 10 முதல் 20 கிராம். முதல் செட்டை இந்த இடைவெளிக்கு வாங்குங்கள். மூன்று கிராம் லூரைக்கூட வீசலாம் என்று சொல்லி விற்கிற லேசான பெய்ட்காஸ்டர்களும் உண்டு. அவை பொய்யில்லை, ஆனால் கை பழகாதவருக்கு அவை வேண்டாத வம்பு.

படி 2: ராட்

கைப்பிடிக்கு மேலே ராடில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். லூர் எடை 1/4–3/4 அவுன்ஸ் என்று இருந்தால் நமக்குச் சரி. ஓர் அவுன்ஸ் 28 கிராம் சொச்சம், அப்படியானால் 7 முதல் 21 கிராம். அந்த வரம்பின் இரு ஓரத்திலும் ராட் அரைமனதாகத்தான் வேலை செய்யும். நடுவில், 12 முதல் 15 கிராமில், நன்றாக வளைந்து லூரைத் தூக்கி எறியும்.

வலிமைக்கு எம்ஹெச், அதாவது மீடியம் ஹெவி. ஆக்‌ஷன் ஃபாஸ்ட், அதாவது நுனிப்பக்கம் மட்டும் வளைந்து கீழே விறைப்பாக நிற்பது. தவளை லூரின் இரட்டை முள்ளை விராலின் கெட்டியான வாயில் ஏற்ற வேண்டும், ஏற்றியதும் தாமரைத் தண்டில் சுற்றவிடாமல் இழுக்க வேண்டும். மீடியம் ராடுக்கு இதில் மூச்சு வாங்கும். அதற்காக ‘பெரிய மீன் மாட்டினால்?’ என்று பயந்து எக்ஸ்ட்ரா ஹெவிக்குப் போய்விடாதீர்கள். 12 கிராம் லூருக்கு அது வளையவே வளையாது. வளையாத ராடை ஆள் பலத்தால் உதறுவோம், உதறினால் ஸ்பூலில் சிக்கு.

நீளம் 6 அடி 6 அங்குலம் முதல் 7 அடி. குளக்கரையில் தென்னை ஓலை தலைக்கு மேல் தொங்கும், அங்கே ஆறரை அடி வசதி. பொழிமுகத்தில் தூரம் தேவை, ஏழடி நல்லது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் நான் ஆறரை அடி என்பேன். நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறிப் போகிறவரோ பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவரோ என்றால் இரண்டு துண்டாகக் கழற்றும் ராட் எடுங்கள். ஒரே துண்டுதான் உசத்தி என்பவர்கள் கார் வைத்திருப்பவர்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தால் இதைச் செய்யுங்கள். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்தின் உட்பக்கமும் தேய்த்து இழுங்கள். பஞ்சின் நூல் எங்கேயாவது சிக்கினால் அந்த வளையத்தின் பீங்கானில் கீறலோ விரிசலோ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் பிரெய்டு நரம்பை (பின்னிய நரம்பு) மெல்ல மெல்ல அறுத்துவிடும். நுனி வளையத்தை இரண்டு தடவை பாருங்கள். கைப்பிடியின் அடியில் விரலுக்கு ஒரு கொக்கி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் அது ஸ்பின்னிங் ராட், பெய்ட்காஸ்டர் அதில் மாட்டக்கூடாது.

படி 3: ரீல்

கையில் உள்ள பணத்தில் பெரிய பங்கு ரீலுக்குப் போகட்டும். சுமாரான ராடையும் நல்ல ரீலையும் வைத்துப் பழகிவிடலாம், திருப்பிப் போட்டால் முடியாது. ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிற பேர் தெரியாத ரீலில் ஸ்பூலே நேராகச் சுற்றாது. சிக்கு விழுவது உங்கள் கையாலா ரீலாலா என்றே தெரியாமல் தூண்டிலை விட்டுவிட்டுப் போவீர்கள்.

முதலில் கைப்பக்கம். ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் அது நடக்காது. இடக்கைப்பிடி, வலக்கைப்பிடி என்று தனித்தனியாக விற்பார்கள், ஆர்டர் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். வலது கையால் வீசி இடது கையால் சுற்றிப் பழகியவர் இடக்கைப்பிடி ரீல் வாங்கினால், வீசியதும் கை மாற்றும் வேலை இருக்காது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று மாற்றி வாங்கிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து பிரேக். இரண்டு வகை உண்டு. காந்த பிரேக்கில் அலுமினிய ஸ்பூலுக்குப் பக்கத்தில் காந்தங்கள் இருக்கும். ஸ்பூலைத் தொடாமலேயே அதை மட்டுப்படுத்தும், வேகம் கூடக்கூட அதன் பிடியும் கூடும். மையவிலக்கு பிரேக்கில் ஸ்பூலோடு சேர்ந்து சுற்றும் குட்டிக் கட்டைகள் வேகத்தில் வெளியே விரிந்து ஒரு வளையத்தில் உரசும். வீச்சின் தொடக்கத்தில், ஸ்பூல் பேய் வேகத்தில் சுற்றும்போது, அது நன்றாகப் பிடிக்கும். டைவா ரீல்களில் காந்தமும் ஷிமானோவில் மையவிலக்கும் பெரும்பாலும் காணப்படும். இரண்டிலும் பழகலாம். ஆனால் புதியவருக்கு நான் சொல்வது, பக்கத்து மூடியைத் திறக்காமல் வெளியிலேயே ஒரு வட்டத் திருகைத் திருப்பிப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி உள்ள ரீல். குளக்கரைச் சேற்றில் நின்று மூடியைக் கழற்றி, உள்ளே நகத்தால் கட்டைகளைத் தள்ளி, மூடியைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தேடுவதெல்லாம் தேவையா?

கியர் விகிதம் 6.3 முதல் 7.1க்குள் இருந்தால் போதும். 7:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று. ஸ்பூல் நிறைய நரம்பு இருக்கும்போது ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் வாக்கில் உள்ளே வரும். தவளையை நிறுத்தி நிறுத்தி நகர்த்தவும், மின்னோவை நிதானமாக இழுக்கவும் இது ஒத்துவரும்.

பேரிங் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். நல்ல பேரிங் ஐந்து, மட்டமான பேரிங் பதினெட்டைவிட மேல். மீன் பலமாக இழுத்தால் நரம்பை வழுக்கவிடும் டிராக் எத்தனை கிலோ என்பதும் அப்படித்தான், நாம் வைக்கப் போவது இரண்டு கிலோ சுற்றில். உருண்டை வடிவ ரீல் பார்க்க அழகு, நரம்பும் நிறையக் கொள்ளும். ஆனால் உள்ளங்கையில் அடங்குவது தட்டையான வடிவம்தான். பொழிமுகத்துக்குப் போகிறவர்கள் மட்டும் உப்புத் தண்ணீருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

படி 4: நரம்பு

பழகும் காலத்துக்கு 12 அல்லது 15 எல்பி (பவுண்டு) நைலான் நரம்பு. விலை குறைவு, சிக்கு விழுந்தாலும் பிரிப்பது சுலபம், அறுத்துப் போட்டாலும் மனசு வலிக்காது. கை வந்ததும் பிரெய்டுக்கு மாறலாம்: தாமரைக்குளத்துக்கு 40 எல்பி, பொழிமுகத்துக்கு 30. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும். அடியில் பத்துப் பதினைந்து சுற்று நைலான் போட்டு அதன்மேல் கட்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. லூருக்கு முன்னால் ஒன்றரை அடி தடித்த நைலானை லீடராகக் கட்டாமல் வீசாதீர்கள்.

படி 5: மைதானம்

தண்ணீருக்குப் போகும் முன் வெட்டவெளியில் பழகுங்கள். முள் இல்லாமல் 15 கிராம் ஈயக்குண்டு மட்டும் கட்டினால் போதும்.

பிரேக்கை முழுக்கக் கூட்டி வையுங்கள். கைப்பிடிப் பக்கம் உள்ள டென்ஷன் திருகை இறுக்கிவிட்டு, ராடைக் கிடையாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அமுக்குங்கள். குண்டு இறங்காது. திருகைத் துளித்துளியாகத் தளர்த்துங்கள். ஒரு கட்டத்தில் குண்டு மெதுவாக இறங்கத் தொடங்கும். அது தரையைத் தொட்ட கணமே ஸ்பூலும் நின்றால் அளவு சரி. தரையைத் தொட்ட பிறகும் ஸ்பூல் சுற்றினால் இன்னும் இறுக்க வேண்டும். லூர் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், இதை விட்டுவிட்டு வீசுகிறவர்கள்தான் பாதி நேரம் சிக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் ஒரு சின்ன உபாயம். நீங்கள் வீசக்கூடிய தூரத்தைவிடப் பத்து மீட்டர் அதிகமாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பூலில் மீதமிருக்கும் நரம்பின் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே இறங்காது.

வீசும்போது குண்டு நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். மணிக்கட்டைத் திருப்பிப் புறங்கை வானத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். கட்டைவிரல் ஸ்பூலின் மேல். வெடுக்கென்று உதறாமல், ராடே வளைந்து எறிகிற மாதிரி நிதானமாக. விரலை முழுக்க எடுத்துவிடாமல், ஓடுகிற நரம்பை லேசாகத் தொட்டும் தொடாமலும் வைத்திருங்கள். குண்டு தரையில் விழுவதற்குக் கண நேரம் முன்னால் அழுத்தி நிறுத்துங்கள். விரலின் தோலில் நரம்பு ஓடுகிற உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். ஸ்பூலின் மேல் நரம்பு பூத்தாற்போல் எழும்பும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும்.

சிக்கு விழுந்தால் நரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், இன்னும் இறுகும். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். அப்புறம் பொத்தானை அமுக்கி மெதுவாக உருவிப் பாருங்கள். பெரும்பாலான சிக்கு இதிலேயே விட்டுவிடும்.

தொடர்ந்து சிக்கில்லாமல் போகும்போது பிரேக்கை ஒரு புள்ளி குறையுங்கள். டென்ஷனைத் தொட வேண்டாம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை எதிர்த்துப் பழகப் போகாதீர்கள். முப்பந்தலில் காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. எதிர்க்காற்றில் வீசியே ஆக வேண்டுமென்றால் பிரேக்கை இரண்டு புள்ளி கூட்டி, குண்டைத் தாழ்வாக விடுங்கள்.

டிராக்கைத் தராசு வைத்துத் தீர்மானியுங்கள். நரம்பின் நுனியில் கொக்கித் தராசை மாட்டி ஒருவர் இழுக்க, நரம்பு அறுகிற எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் ஸ்பூல் வழுக்க வேண்டும். 15 எல்பி என்றால் கிட்டத்தட்ட ஏழு கிலோ, அதனால் டிராக் இரண்டு கிலோ அளவில்.

குளத்துக்குப் போகும் முன்

ஊர்க் குளங்கள் பல மீன் குத்தகையில் இருக்கும். கரையில் இறங்கும் முன் குத்தகைக்காரரைப் பார்த்து “அண்ணாச்சி, கொஞ்சம் வீசிப் பாத்துக்கிடட்டா?” என்று கேட்டுவிட்டால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள், மீதிப் பேர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பேச்சிப்பாறை போன்ற அணைகளில் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். சுசீந்திரம் தேரூர் பக்கம் பழக வேண்டாம். அது 2022இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகளின் இடம், அறுத்து வீசிய நைலான் பறவைக் காலில் சுற்றினால் விடாது. எங்கே பழகினாலும் அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சிவப்பு சிவப்பாகக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கினால் அடியில் தாய்விரால் காவல் இருக்கும். அதற்கு லூர் போடாதீர்கள்.

உப்புத் தண்ணீரிலிருந்து வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, ரீலைக் குழாயின் மெல்லிய தண்ணீரில் காட்டுங்கள். வேகமாகப் பீச்சினால் உப்பு உள்ளேதான் போகும். துணியால் துடைத்து நிழலில் காயவைத்து, ஸ்பூல் பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், கிரீஸ் வேண்டாம். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே வாஷர் அமுங்கிப் போகும்.